சிலிகேட் வாளியில் முளைத்தது

ஜூலை 12, 1979 – வியாழன்

எங்கே விழுமோ என்று ஊரே பயந்த ஸ்கைலாப் விண்கலம் ஆஸ்திரேலியா பக்கம் விழுந்துவிட்டதாம். டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டுத் தங்கச்சி சல்மா ஓடி வந்து சொன்னாள். நேற்றுவரை அம்மா எங்களை முற்றத்தில் நிற்க விடவில்லை. இன்று வழக்கம்போல் அத்தா காஸ்டிக் சோடா கரைத்தார், எண்ணெய் ஊற்றினார், கிளறி அச்சுப் பெட்டியில் சோப்பு ஊற்றினார். புதுப்பட்டினத்தில் வானம் விழவில்லையென்றால் சோப்பு ஊற்றத்தான் வேண்டும்.

பழைய பேப்பரும் வந்தது. கல்பாக்கம் அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸில் எடைக்கு வாங்கி வருவார் அத்தா. அடுக்கி வைத்து, நீளக் கத்தியால் ஒரே இழுப்பில் சோப்பு அளவுக்கு வெட்டுவார். அதில் சோப்பைச் சுற்றி, மேலே லேபிள் ஒட்டுவது என் வேலை. சுற்றும்போது படிப்பேன். முழுதாக எதுவும் கிடைக்காது. இன்று கிடைத்தது இது: வியாழன் கிரகத்தைச் சுற்றும் நிலாக்களில் ஒன்று முழுக்கப் பனிக்கட்டியால் மூடியது. ஆளில்லாத விண்கலம் ஒன்று அதைப் படம் எடுத்திருக்கிறது. அந்தப் பனிக்கு அடியில் தண்ணீர், ஒரு பெருங்கடலே, இருக்கக்கூடும் என்று சில விஞ்ஞா—

அதோடு கத்தி. மீதி எந்தச் சோப்பிலோ செய்யூர்க் கடைக்குப் போயிருக்கும்.

மேல் தாளில் படம் தெரியும்போதே, வெட்டாதீங்க அத்தா என்று சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். கத்தி இறங்கி முடியும்வரை வாய் திறக்காது.

ஜூலை 15

பெரிய தப்பு செய்துவிட்டேன். தப்புதானா என்றும் தெரியவில்லை.

சோப்பு கெட்டிப்படச் சிலிகேட் சேர்ப்போம். பாகு மாதிரி இருக்கும், பார்த்தால் தண்ணீர்போலத் தெளிவு. அதைச் சோப்புக் கலவையில் ஊற்றியதும் வாளியை அலசிய தண்ணீரை அத்தா கொட்ட விடமாட்டார். அதில்தான் நீலம் கரைத்துச் சோப்பில் சேர்க்க வேண்டும். மாடத்தில் இரண்டு பொட்டலம் இருக்கும். ஒன்று சோப்புக்கான நீலக்கட்டி. இன்னொன்று மயில்துத்தம், அதுவும் நீலக் கட்டிதான், லேபிள் பசையைக் கரப்பான் தின்னாமலிருக்கக் கொஞ்சம் கலப்போம். அவசரத்தில் துத்தத்தை வாளியில் போட்டுவிட்டேன்.

நீலம் என்றால் உடனே கலங்கும். இது கலங்கவில்லை. அடியில் கிடந்த கட்டிகள் ஒரு தோலைப் போர்த்துக்கொண்டன. தோல் உப்பியது. ஓரிடத்தில் கிழிந்தது. கிழிசலிலிருந்து நூல்போல ஒன்று மேலே கிளம்பியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. பச்சையும் நீலமுமாக, கொம்பு கொம்பாக.

உயிர் உண்டாக்குவது அல்லாவின் வேலை. என் கை எதைத் தொட்டுவிட்டது?

நீலம் எங்கே என்று அத்தா கேட்டார். தவறிக் கொட்டிவிட்டது என்றேன். வாளிமேல் சாக்கைப் போட்டு மூடினேன். இன்று சோப்பு வெள்ளையாகவே போயிற்று.

ஆகஸ்ட் 3

உயிர் இல்லை. ஈர்க்குச்சியால் தொட்டேன், முட்டை ஓடு மாதிரி நொறுங்கியது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் குழாய். நோன்பு நாளில் மனம் கொஞ்சம் லேசாயிற்று.

ஆனாலும் விட முடியவில்லை. ஊறுகாய் பாட்டிலில் அலசல் தண்ணீரை ஊற்றி மறுபடி செய்தேன். சல்மா நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி உப்பு வாங்கி வந்தாள். அது கரும்பச்சையாகக் கிளம்பியது. வளரும்போது பாட்டிலை ஒரு பக்கம் சாய்த்து வைத்தேன். அதுவரை வளர்ந்தது பாட்டிலோடு சாய்ந்தது. அதற்குமேல் வளர்ந்தது பாட்டிலை மதிக்காமல் கூரையைப் பார்த்துப் போயிற்று. முழங்கை மாதிரி ஒரு மடக்கு.

"நீ இன்னாத்துக்கு அதையே பாத்துகினு கீற? அது உன்ன பாக்குதா?" என்றாள் சல்மா.

ஆகஸ்ட் 4

வெளியே இருக்கும் சிலிகேட் கனம். உள்ளே இருக்கும் தண்ணீர் லேசு. அதனால்தான் மேலே போகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 9

இன்று ஒரு துண்டு. இதில் நடுப்பகுதி மட்டும்: "—டிக்கும் கீழே, வெளிச்சமே எட்டாத ஆழத்தில், பாறைப் பிளவுகளிலிருந்து கொதிநீர் பீறிடுகிறது. அதில் கரைந்துள்ள உலோகங்கள் குளிர்ந்த கடல்நீரைத் தொட்டதும் படிந்து, புகைபோக்கி போன்ற குழாய்களாக உயர்ந்து—"

திரும்பப் படித்தேன். என் பாட்டில்!

பழைய பனி நிலாத் துண்டைத் தலையணைக்குள் வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பனிக்கு அடியில் கடல். கடலுக்கு அடியில் கொதிக்கும் ஊற்று இருந்தால்? அங்கேயும் பார்க்க ஆளில்லாமல் குழாய் குழாயாக வளர்ந்துகொண்டிருக்குமா?

யாரிடம் கேட்பது? நான் எட்டாவதோடு நின்றவள். பெரிய மனுஷி ஆனதும் அத்தா கேட்டார், பள்ளிக்கூடம் போறியா, நிக்கிறியா என்று. போகிறேன் என்று சொல்லத்தான் நின்றேன். வாய் வரவில்லை. பேசாமல் நின்றதை 'நிற்கிறேன்' என்று எடுத்துக்கொண்டார். அவர் பேரில் குற்றமில்லை. கேட்டாரே.

அக்டோபர் 20

சல்மா எல்லாவற்றையும் கண்ணகி டீச்சரிடம் சொல்லிவிட்டாள்! அவளுக்கு அறிவியல் எடுப்பவர். செங்கல்பட்டில் பள்ளிகளுக்கான கண்காட்சி வருகிறதாம், சல்மா இதைச் செய்யட்டும் என்றாராம். அத்தாவும் சரி என்றார். ஆனால் அம்மாவிடம் தனியாகச் சொன்னது என் காதில் விழுந்தது. இந்த வருஷத்தோடு சல்மாவையும் நிறுத்திவிடப் போகிறார். ஒன்பதாவது போதுமாம்.

சல்மாவுக்கு இன்னும் தெரியாது. பாடிக்கொண்டே பல் துலக்குகிறாள்.

நவம்பர் 18

சல்மாவுக்குக் கை நிதானம் இல்லை. கட்டிகளை மொத்தமாகக் கொட்டுகிறாள். வளரவில்லை என்று பாட்டிலைக் குலுக்குகிறாள். சேறுதான் வருகிறது. இங்கேயே வளர்த்து எடுத்துப் போகவும் முடியாது, பஸ் குலுக்கலில் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் எல்லாம் நொறுங்கிவிடும். அங்கேயே, பார்க்க வருகிறவர்கள் முன்னாலேயே வளர்க்க வேண்டும்.

நவம்பர் 23

சல்மாவுக்கு மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம். நாளை கண்காட்சி. அத்தா காஸ்டிக் வாங்க மெட்ராஸ் போயிருக்கிறார், வர இரண்டு நாளாகும்.

கண்ணகி டீச்சர் வந்தார். தூர நின்று சல்மாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "பேர் குடுத்தாச்சு. அவ பேர்ல நீ வந்து நில்லும்மா. ஒரு பகல்தானே, யாருக்கு தெரியப் போவுது?"

அம்மா யோசித்தாள். சல்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே போக்கா, போக்கா என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமலிருந்தால் சம்மதம் என்று இந்த வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது.

ஆனால் உண்மையை எழுத வேண்டும். எனக்குப் போக ஆசையாக இருந்தது.

நவம்பர் 24

சல்மாவின் ரவிக்கை எனக்குத் தோளில் பிடித்தது. நீலத் தாவணியால் போர்த்திக்கொண்டே இருந்தேன். மேஜைமேல் அட்டை: 'வேதித் தோட்டம். உம்மு சல்மா, ஒன்பதாம் வகுப்பு.'

முதலில் கை ஓடவில்லை. பாட்டிலைப் பார்க்க ஆரம்பித்ததும் ஆட்கள் மறைந்துபோனார்கள். துத்தம், அன்னபேதி, படிகாரம், தனித்தனியாகப் போட்டேன். நல்லபடி எழுந்தன. பாட்டிலைச் சாய்த்து மடக்கையும் காட்டினேன்.

பரிசு தருகிறவர்களில் ஒருவர் ராமானுஜம். கல்பாக்கத்தில் தண்ணீரின் ரசாயனம் பார்க்கிற வேலை. என் பேர் என்ன என்று கேட்டார். நான் அட்டையைக் காட்டினேன். வாயால் சொல்லவில்லை. விரலால்தான் காட்டினேன்.

குழாய் ஏன் மேலே போகிறது என்று கேட்டார். சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, குனிந்து கேட்டுக்கொண்டார். அப்புறம் நானாகவே, எப்படி வந்ததோ அந்தத் தைரியம், பனி நிலாவின் கடலுக்கு அடியிலும் இதேதான் வளரும் என்று சொல்லிவிட்டேன்.

"இதேதான்னு சொல்லக் கூடாதும்மா," என்றார். "கடலடியில கொதிக்கிற தண்ணி குளிர்ந்த தண்ணியில படறதால உலோகம் படியுது. உன் பாட்டில்ல சூடே இல்லையே. பார்க்க ஒரே மாதிரி இருக்கு, அவ்வளவுதான். அந்த நிலாவுல கடல் இருக்கான்னே இன்னும் யாருக்கும் தெரியாது."

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். காது எரிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் சூடு என்றதும் எனக்குள் இன்னொன்று கிளம்பியது.

"அங்க வெயிலே படாதுங்களே. அடியில சூடு வரணும்னா எங்கேந்து வரும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மைக்கில் உம்மு சல்மா என்று கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தேன். டீச்சர் இடுப்பில் கிள்ளினார்.

முதல் பரிசு. ஒரு எவர்சில்வர் டம்ளர். ஜனவரியில் மெட்ராஸ் கண்காட்சிக்கும் போக வேண்டுமாம்.

நவம்பர் 26

அத்தா வந்தார். கண் வலி வருவதற்கு முன்பு சல்மாவே கண்காட்சிக்குப் போய்விட்டு வந்ததாக அம்மா சொல்லிவிட்டாள். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சல்மாவின் தலையில் கை வைத்தார். "படிக்கட்டும். பத்தாவது வரைக்கும் இன்னா, அதுக்கு மேலயும் படிக்கட்டும்."

சல்மா என்னைப் பார்த்தாள். நான் பசை கிண்டிக்கொண்டிருந்தேன்.

இனி இது பொய் என்று தெரிந்தால் அவள் படிப்பு போயிற்று. அவளுக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவளுக்காக மட்டும்தானா?

நவம்பர் 29

அத்தா டம்ளரைப் பாத்திரக் கடைக்கு எடுத்துப்போய்ப் பேர் வெட்டிக்கொண்டு வந்தார். உம்மு சல்மா. புள்ளி புள்ளியாக, அழகாகத்தான் இருக்கிறது. இனி அதில்தான் அவருக்கு டீ. தினமும் கழுவுவது நான். விரல் அந்த எழுத்தின் மேல் படுகிறது. என் பேராக இருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். தங்கச்சி பேரைத் திருடிக்கொண்டு, அது என் பேரில்லையே என்று பொறாமையும் படுகிறேன். என்ன பிறவி நான்?

டிசம்பர் 2

கன்னியம்மா சோப்பு வாங்க வந்தது. குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குத் துணி வெளுக்கிற அம்மா. "இன்னா நூர்பாய், உங்க வூட்டு வாளியில மரம் மொளைக்குதாமே. எனக்கு ஒரு முருங்கை போட்டுக் குடு," என்றது. அத்தா வெகு நாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தார். என் பெண் ஜனவரியில் மெட்ராஸ் போகிறாள் என்று கன்னியம்மாவிடமும் சொன்னார்.

சல்மா சாப்பிடவில்லை. பள்ளியில் பிரேயரில் கைதட்டினார்களாம். கூட இருக்கும் பெண்கள் செய்து காட்டச் சொல்கிறார்களாம். "நீ ஒரு நாள் போய் நின்னுட்டு வந்துட்ட. நான்தான் தெனம் நிக்கிறேன்," என்றாள்.

டிசம்பர் 9 – ஞாயிறு

எழுத முடியுமா என்று தெரியவில்லை.

பகலில் ஒரு ஸ்கூட்டர் சத்தம். ராமானுஜம். அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி போட்டார். அந்த டம்ளரிலேயே டீ கொடுத்தார். உம்மு சல்மாவைப் பார்க்க வந்தேன் என்றார் அவர். சல்மா போய் நின்றாள். நான் திரைக்குப் பின்னால்.

அவர் சல்மாவைப் பார்த்தார். டம்ளரில் இருந்த பேரைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு பாட்டிலைச் சாய்ச்சதும் குழாய் மடங்கிச்சே. அது ஏன்?"

சல்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு புள்ள. சார் கேக்குறாரு இல்ல," என்றார் அத்தா. சிரித்த முகமாகவே சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்குப் பதில் தெரியும். தொண்டைவரை வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தலை நிமிர்ந்திருக்கும். திரைத் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன்.

சல்மாவே சொன்னாள். "எனக்குத் தெரியாதுங்க. நான் வரல. எனக்குக் கண்ணு வலி. எங்க அக்காதான் வந்திச்சு. வாளியில மொதல்ல கண்டுபுடிச்சதும் அக்காதான்." அப்புறம் திரையைப் பார்த்து, "வாயேன்க்கா வெளிய."

போகவில்லை.

பள்ளியில் சொல்லியாக வேண்டும் என்றார் ராமானுஜம். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்தவர் திரைப்பக்கம் திரும்பினார். "சூடு எங்கேந்து வரும்னு கேட்டியே. எனக்குத் தெரியலம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

டீயில் பாதி அப்படியே இருந்தது. அத்தா அதை முற்றத்தில் கொட்டினார். டம்ளரை மாடத்தில் கவிழ்த்தார். திரும்பிப் பார்க்காமல் அச்சுப் பெட்டிப் பக்கம் போனார். திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 10

ஏன் வாய் தொறக்கல நான்? இன்னா கேடு எனக்கு? சின்னது அது, பதினாலு வயசு, தன் படிப்பு போவும்னு தெரிஞ்சே சொல்லிச்சு. நான் துணிய மென்னுகினு நின்னேன்.

டிசம்பர் 12

சல்மா இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. போ என்றும் அத்தா சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

பரிசு மாமல்லபுரத்துப் பெண் ஒருத்திக்குப் போகிறதாம். கடல்நீரிலிருந்து நல்ல தண்ணீர் எடுத்துக் காட்டினவள், என் மேஜைக்கு எதிர் மேஜை. மெட்ராஸுக்கும் அவள்தான் போவாள். கண்ணகி டீச்சர் வீட்டுக்கு வந்து, யோசனை தன்னுடையது, பெண்களைக் கோபிக்க வேண்டாம் என்று அத்தாவிடம் சொன்னார். தலைமையாசிரியையிடம் டீச்சருக்கு நல்ல திட்டு கிடைத்திருக்கும் என்று அவர் முகமே சொன்னது.

டம்ளரைத் திருப்பித் தர வேண்டும். பேர் வெட்டின டம்ளரை எப்படித் தருவது? அத்தா கடைக்குப் போய் அதே மாதிரி புதிதாக ஒன்று வாங்கி டீச்சர் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் பார்வை தரையில் இருந்தது. என்னால்.

டிசம்பர் 14

லேபிள் ஒட்டினேன். பேப்பர் சுற்றினேன். எதையும் படிக்கவில்லை.

டிசம்பர் 16

அம்மா கடைசியில் கேட்டுவிட்டாள். சல்மா போவட்டுமா வேண்டாமா, பொழுதுக்கும் மூலையில் உட்கார்ந்துகினு கீதே புள்ள, என்று.

அத்தா அச்சுப் பெட்டியிலிருந்து சோப்பைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குப் போவட்டும். சொன்னபடி படிக்கட்டும். பொய் சொன்னது அவ இல்லியே."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாரா, தெரியவில்லை. சல்மா ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷம்தான். சந்தோஷமும் ஒரு அறை மாதிரி விழுந்தது.

டிசம்பர் 17

சல்மா பள்ளிக்குப் போனாள். பெண்கள் கேலி செய்தார்களாம். "செஞ்சா செஞ்சுட்டுப் போறாங்க, எனக்கு இன்னா," என்கிறாள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

டிசம்பர் 23 – ஞாயிறு

பேப்பர் கட்டு வந்தது. அத்தா அடுக்கித் தட்டி நேராக்கினார். இந்த மாதத்துத் தாள், மேலேயே இருந்தது. உருண்டையாக ஒரு நிலா, வெடித்த முட்டை ஓடு மாதிரி மேலெல்லாம் கீறல். அத்தா கத்தியை வைத்தார்.

"அத்தா, அத வெட்டாதீங்க."

என் குரல்தான். கத்தி நின்றது. அத்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையாக. கண்ணை எடுக்காமல் நின்றேன். முகம் சுட்டது, ஆனாலும் நின்றேன்.

"அன்னைக்குக் கேட்டதுக்கு பதில் இதுல கீதா?" என்றார்.

"தெரில. படிச்சாதான் தெரியும்."

தாளை உருவித் தந்தார். நான் முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். சூரியன் இல்லாமலும் சூடு வரலாமாம். வியாழன் பெரிசு, அது அந்த நிலாவை ஒரு நேரம் அதிகமாகவும் ஒரு நேரம் குறைவாகவும் இழுக்கிறது. பிசைகிற மாவு கைக்குள் வெதுவெதுப்பாவது மாதிரி நிலாவின் உள்ளே சூடு பிறக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் பனிக்கு அடியில் தண்ணீர் உறையாமல் இருக்கலாம். கடலடிக் குழாய்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருக்குமா இல்லையா என்ற கேள்வியே எழுதியவருக்குத் தோன்றவில்லைபோல. கடைசி வரி: 'அருகில் சென்று பார்க்கும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.'

ஒரு கட்டுரையின் கடைசி வரி இதுவரை என் கைக்கு வந்ததில்லை.

ராமானுஜம் சாரிடம் இதை யார் சொல்வது? சல்மாவை அனுப்பலாமா என்று நினைத்தேன். வேண்டாம். சொன்னால் நான்தான் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் கன்னியம்மா வந்தது. பேப்பர் குறைந்துபோய்க் கடைசிச் சோப்பு ஒன்று சுற்றாமலே கிடந்தது. அதைக் கையில் எடுத்து, "இன்னா நூர்பாய், இது மட்டும் துணியில்லாம கீது?" என்று கேட்டது.

"அதோட பேப்பர எங்க பெரிய பொண்ணு படிச்சுகினு கீது," என்றார் அத்தா. "அப்பிடியே எடுத்துகினு போ."